கிணறும் குடமும்: தரவுத்தள சர்வருக்கு வரம்பு வைக்கும் முறை

ஆவணி முகூர்த்தங்களுக்கு முந்தைய வாரம். செவிலிமேட்டில், பாலாற்றுப் பாலத்துக்குப் போகும் வழியில் ஒரு பட்டுச்சேலைக் கடை. கீழே விற்பனை, மாடியில் இணைய ஆர்டர். காலை பதினோரு மணி தாண்டினால் கடையின் இணையதளம் சிலருக்குத் திறக்கும், சிலருக்கு ‘இணைப்புகள் அதிகம்’ என்று 1040 எண் பிழையைக் காட்டும். முதலாளி பெரியவர். முப்பது வருடம் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துவிட்டுக் கடைக்கு வந்தவர். என்னை உட்காரவைத்து ஒரே கேள்விதான் கேட்டார்.

“தம்பி, ஐந்நூறு இணைப்பு வரைக்கும் விடலாம்னு அமைச்சவரு எழுதி வெச்சிருக்காரு. இருநூத்துப் பதினாலுக்கு மேல ஒண்ணுகூட உள்ள போகல. இருநூறுன்னாலும் புரியும். அது என்ன இருநூத்துப் பதினாலு?”

நல்ல கேள்வி. கணினியில் அப்படி ஒரு முரட்டு எண் எட்டிப்பார்த்தால், அதன் பின்னால் யாரோ போட்ட ஒரு கழித்தல் கணக்கு இருக்கும். அந்தக் கணக்கைக் கண்டுபிடிப்பதும் திருத்துவதும், அது திரும்ப வராமல் பார்த்துக்கொள்வதும்தான் இந்த அத்தியாயம்.

கட்டளைகளையும் அமைப்புச் சொற்களையும் இங்கே ஒலிப்பில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடங்களைத் தனியே சொல்கிறேன்.

வரம்பு என்பது என்ன

செவிலிமேட்டுச் சாலைக்கிணற்றிலிருந்து ராமானுஜர் தினம் தண்ணீர் சுமந்துபோய் வரதராஜப் பெருமாளுக்குக் கொடுத்தார் என்பது ஊரறிந்த கதை. கிணறு எவ்வளவு ஊறினாலும் ஒரு நடைக்கு ஒரு குடம்தான் போகும். சர்வரிலும் அப்படியே. 16 ஜிபி நினைவகமும் எட்டு கோர் செயலியும் கிணறு. ஒரு நிரல் ஒரே நேரத்தில் அதிலிருந்து எவ்வளவு மொள்ளலாம் என்று இயங்குதளம் கொடுத்திருக்கும் குடம்தான் வரம்பு. கடைக்காரர் அதற்கு முந்தைய மாதம்தான் நினைவகத்தை இரட்டிப்பாக்கியிருந்தார். கிணற்றைத் தூர்வாரியாயிற்று, குடம் மாறவில்லை. அதனால் 214-உம் மாறவில்லை.

இந்த வரம்புகள் யுனிக்ஸ் குடும்பத்தில் 1983-இல் வந்த 4.2 பிஎஸ்டி காலத்திலிருந்தே இருக்கின்றன. பலர் பங்குபோட்டுக்கொள்ளும் ஒரு கணினியை ஒரே ஆள் முழுதாக விழுங்கிவிடக்கூடாது என்பதற்காக வந்தவை. இன்று தரவுத்தளத்துக்கென்றே ஒரு சர்வரை வைக்கிறோம். ஆனால் இயங்குதளம் அதையும் பலரில் ஒருவராகவே நடத்துகிறது. நாம் சொல்லும்வரை அதற்குத் தெரியாது.

ஒவ்வொரு வரம்புக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று மென்வரம்பு. நிரலுக்கு இப்போது நடப்பில் உள்ளது இதுதான். இன்னொன்று வன்வரம்பு. யாரையும் கேட்காமல் நிரல் தன் மென்வரம்பை இதுவரை உயர்த்திக்கொள்ளலாம். சங்கத்தில் நெசவாளருக்குப் பட்டும் ஜரிகையும் எடை போட்டுக் கொடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இன்று கையில் கொடுத்த எடை மென்வரம்பு. கிடங்குக்காரர் தன் பொறுப்பில் கூட்டிக் கொடுக்கக்கூடிய அதிகபட்ச எடை வன்வரம்பு. அதற்கும் மேல் வேண்டுமென்றால் செயலாளர் கையெழுத்து வேண்டும். லினக்ஸில் அந்தச் செயலாளர் ‘ரூட்’ பயனர்.

தரவுத்தளத்தை அதிகம் கடிக்கும் வரம்பு ‘நோஃபைல்’, அதாவது ஒரு நிரல் ஒரே நேரத்தில் திறந்துவைக்கக்கூடிய கோப்புகளின் எண்ணிக்கை. கோப்பு என்றதும் வட்டில் இருப்பதை மட்டும் எண்ணவேண்டாம். லினக்ஸில் அட்டவணைக் கோப்பும் ஒரு கைப்பிடி, லாக் கோப்பும் ஒரு கைப்பிடி, வாடிக்கையாளர் ஒருவருடைய இணைப்பும் ஒரு கைப்பிடி. எல்லாமே ஒரே கணக்கில் கழியும். இதன் வழக்கமான மென்வரம்பு 1024.

214-இன் கணக்கு

அந்தக் கடையில் ஓடியது மைஎஸ்கியூஎல் 5.7. பழைய உபுண்டு 16.04 மேல், கையால் எழுதிய சர்வீஸ் கோப்பின் வழியே தொடங்கியது. அது தொடங்கும்போது தனக்கு எத்தனை கைப்பிடி வேண்டும் என்று மூன்று வழியில் கணக்குப் போடும்.

முதல் வழி: 10 + இணைப்புகள் + அட்டவணைத் தேக்கம் × 2. இணைப்பு 500, தேக்கம் (நிரல் திறந்தபடியே வைத்திருக்கும் அட்டவணைகள்) இயல்பான 2000 என்றால் 4510.

இரண்டாவது: இணைப்புகள் × 5. இங்கே 2500.

மூன்றாவது: எப்படியும் 5000.

மூன்றில் பெரியதை இயங்குதளத்திடம் கேட்கும். ஆக, 5000 கேட்டது. ஆனால் அந்தப் பழைய உபுண்டுவில் மென்வரம்பு 1024, வன்வரம்பு 4096. கேட்டது வன்வரம்பைத் தாண்டியதால் மறுப்பு. ‘சரி, 4096-ஐயாவது கொடு’ என்று இந்த நிரல் பேரம் பேசாது. பழைய 1024-லேயே நின்றுவிடும்.

பிறகு கையில் இருப்பதற்கு ஏற்பத் தன்னைச் சுருக்கிக்கொள்ளும். அட்டவணைத் தேக்கம் 400-க்குக் கீழே போகக்கூடாது என்பது அதன் உள்விதி. ஒரு அட்டவணைக்கு இரண்டு கைப்பிடி என்றால் 800. சில்லறைச் செலவுக்கு 10.

1024 − 10 − 800 = 214.

பெரியவரிடம் ஒரு பில் தாளின் பின்பக்கத்தில் இதை எழுதிக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “கூலியிலேர்ந்து பட்டுக்காசைக் கழிச்சுட்டு மிச்சத்தைக் கையில குடுத்த மாதிரி இருக்கு” என்றார். சரியாகச் சொன்னார்.

இதை யாரும் ஒளித்துவைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. தொடங்கிய சில வினாடிகளிலேயே பிழை லாக்கில் மூன்று வரிகள் விழுந்திருந்தன: கோப்புகள் 1024, கேட்டது 5000, இணைப்புகள் 214, கேட்டது 500, தேக்கம் 400, கேட்டது 2000. எச்சரிக்கை என்ற பெயரில் விழுந்ததால் யாரும் படிக்கவில்லை. தரவுத்தளம் தொடங்கும்போது எழுதும் முதல் ஐம்பது வரிகளை ஒவ்வொரு முறையும் படிப்பதைப் பழக்கமாக்குங்கள்.

உங்கள் சர்வரில் 214-க்குப் பதில் 431 என்ற எண் தேக்கத்தின் பக்கத்தில் தென்பட்டாலும் நோய் ஒன்றுதான். இணைப்பை இயல்பான 151-இல் விட்டிருப்பீர்கள். 1024-இல் 10-ஐயும் 151-ஐயும் கழித்து இரண்டால் வகுத்துப் பாருங்கள்.

முதலில் ஓடுவதைப் பாருங்கள்

எதையும் மாற்றுமுன் ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு இப்போது என்ன வரம்பு என்று பாருங்கள். நீங்கள் நுழைந்திருக்கும் திரையின் வரம்பு வேறு, நிரலின் வரம்பு வேறு. இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

1. ‘பிட்ஆஃப்’ கட்டளையுடன் நிரலின் பெயரான ‘மைஎஸ்கியூஎல்டி’ சேர்த்துத் தட்டுங்கள். ஒரு எண் வரும். அது நிரலின் அடையாள எண்.

2. ‘ப்ராக்’ அடைவுக்குள் அந்த எண்ணையே பெயராகக் கொண்ட உள்ளடைவு இருக்கும். அதற்குள் ‘லிமிட்ஸ்’ என்ற கோப்பை ‘கேட்’ கட்டளையால் படியுங்கள்.

3. திறந்த கோப்புகளின் உச்சம் பற்றிய வரியில் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது மென்வரம்பு, அடுத்தது வன்வரம்பு. தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

4. அதே அடையாள எண்ணின் அடைவில் ‘எஃப்டி’ என்ற உள்ளடைவு உண்டு. அதற்குள் எத்தனை பதிவுகள் என்று எண்ணினால், இந்த நொடியில் எத்தனை கைப்பிடி செலவாகியிருக்கிறது என்று தெரியும். கூட்ட நேரத்தில் ஒருமுறை, ஆள் இல்லாத நேரத்தில் ஒருமுறை எண்ணுங்கள்.

கடையில் முன்பு அமைத்துக் கொடுத்தவரும் சும்மா இருக்கவில்லை. வரம்பை 65535 ஆக்கத்தான் முயன்றிருந்தார். ‘ஈடிசி’ அடைவில், ‘செக்யூரிட்டி’ உள்ளடைவில் இருக்கும் ‘லிமிட்ஸ் டாட் கான்ஃப்’ கோப்பில் தரவுத்தளப் பயனரின் பெயரில் முறையாக எழுதியிருந்தார். அந்தப் பயனராக மாறி ‘யுலிமிட்’ கட்டளையால் கோப்பு வரம்பைக் கேட்டிருப்பார், 65535 என்று வந்திருக்கும், திருப்தியோடு வீட்டுக்குப் போயிருப்பார். நான் தட்டியபோதும் அப்படியே வந்தது. ஆனால் ஓடும் நிரலின் லிமிட்ஸ் கோப்பில் 1024.

காரணம் இது. அந்தக் கோப்பைப் படிப்பது ‘பாம்’ என்ற நுழைவுச் சோதனை அடுக்கு. ஆள் ஒருவர் கடவுச்சொல் கொடுத்தோ பயனர் மாறியோ நுழையும்போதுதான் அது வேலை செய்யும். தரவுத்தளம் அந்த வாசல் வழியாக வருவதில்லை. கணினி தொடங்கும்போது ‘சிஸ்டம்டி’ அதை நேரே எழுப்புகிறது. முன்வாசலில் ஒட்டிய அறிவிப்பைப் பின்வாசலில் வருபவர் படிப்பாரா?

எழுத வேண்டிய இடம்

சிஸ்டம்டி எழுப்பும் நிரலுக்குச் சிஸ்டம்டியிடம்தான் சொல்லவேண்டும்.

1. ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ என்று தட்டி, இடம் விட்டு, சர்வீஸின் பெயரைக் கொடுங்கள். திருத்துவதற்கு ஒரு கோப்பு திறக்கும். மூல சர்வீஸ் கோப்பை நேரே திருத்தாதீர்கள். தொகுப்பை மேம்படுத்தும் அன்று உங்கள் திருத்தம் அழிந்துபோகும்.

2. முதல் வரியில் சதுர அடைப்புக்குள் ‘சர்வீஸ்’ என்று எழுதுங்கள். முதல் எழுத்து பெரியது.

3. அடுத்த வரியில் ‘லிமிட்நோஃபைல்’ என்று எழுதி, சமக்குறி போட்டு, 10000 என்று எழுதுங்கள். லிமிட்டின் முதல் எழுத்தும், நோஃபைல் முழுவதும் பெரிய எழுத்து. சமக்குறிக்குப் பின் ஒரே எண் கொடுத்தால் மென்வரம்பு, வன்வரம்பு இரண்டுக்கும் அதுவே.

4. சேமித்துவிட்டு ‘சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்’ தட்டுங்கள். பிறகு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

5. முந்தைய பகுதியின் முதல் மூன்று படிகளையும் திரும்பச் செய்யுங்கள். ரீஸ்டார்ட்டுக்குப் பின் அடையாள எண் மாறியிருக்கும். புதிய எண்ணில் 10000 தெரிந்தால்தான் வேலை முடிந்தது.

ரீஸ்டார்ட் செய்யாமல் ‘பிஆர்லிமிட்’ கட்டளையால் ஓடும் நிரலின் வரம்பை உயர்த்த முடியும். அது ஆபத்து நேர மருந்து. அடுத்த ரீஸ்டார்ட்டில் போய்விடும். மேலும் மைஎஸ்கியூஎல் தன் கணக்கைத் தொடங்கும்போதே போட்டுவிடுவதால், சுருங்கிய இணைப்புகளும் தேக்கமும் தானாக விரியாது.

இணைப்பு முழுதும் நிறைந்து நிற்கும் நேரத்தில் உள்ளே நுழைய ஒரு வழி உண்டு. மைஎஸ்கியூஎல் நிர்வாகிக்கென்று ஓர் இணைப்பை மேலதிகமாக ஒதுக்கி வைத்திருக்கிறது. இணையதள நிரலுக்கு நிர்வாகி உரிமையைக் கொடுத்து வைத்திருந்தால் அந்த இடத்தையும் அதுவே பிடித்துக்கொள்ளும். நிரலுக்குத் தனிப் பயனர் வையுங்கள், வேண்டிய உரிமை மட்டும் கொடுங்கள்.

எவ்வளவு எழுதலாம்

‘இன்ஃபினிட்டி’, அதாவது எல்லையில்லை என்று எழுதினால் தொல்லை தீர்ந்ததல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. தீராது, வேறு தொல்லை வரும். 2018 டிசம்பரில் வந்த சிஸ்டம்டி 240-இலிருந்து வன்வரம்பு இயல்பாகவே 5,24,288 ஆயிற்று. மென்வரம்பை 1024-லேயே வைத்தார்கள். 1024-க்கு மேற்பட்ட கைப்பிடி எண்ணைப் பார்த்தால் குழம்பும் பழைய நிரல்கள் இன்னும் இருப்பதே காரணம். அதே பதிப்பில் கர்னலின் மேலுச்சமும் 107 கோடிக்கு மேல் உயர்ந்தது. அப்படிப்பட்ட கணினியில் கண்டெய்னருக்குள் எல்லையில்லை என்ற வரம்புடன் மைஎஸ்கியூஎல் 5.7-ஐ ஓட்டியவர்கள் ஒரு விநோதத்தைக் கண்டார்கள். காலியான தரவுத்தளமே பல ஜிபி நினைவகத்தை விழுங்கியது. கிடைத்த ஒவ்வொரு கைப்பிடிக்கும் முன்கூட்டியே இடம் ஒதுக்கியதுதான் காரணம். குடம் பெரிதாகப் பெரிதாக அதைச் சுமப்பதற்கே தெம்பு போய்விடும்.

ஆகவே எண்ணிவிட்டு எழுதுங்கள். கடையில் நாங்கள் எண்ணியது இப்படி. இணையதளத்தின் பிஎச்பி நிரல்கள் வேறொரு சர்வரில், உச்சமாக 300. கீழ்த்தளத்து பில் கணினிகளும் கணக்காளரின் அறிக்கைகளும் சேர்த்து 20. மொத்தம் 320. தரவுத்தளமே இதுவரை கண்ட உச்ச இணைப்பு எண்ணிக்கையை ‘மேக்ஸ் யூஸ்ட் கனெக்‌ஷன்ஸ்’ என்ற நிலைமாறியில் வைத்திருக்கும், அதையும் பார்க்கலாம். கடையில் அது 214-இல் முட்டி நின்றதால் எங்களுக்கு உதவவில்லை. 320-க்கு மேல் கால்பங்கு இடம் விட்டால் 400. அமைத்தவர் எழுதிய 500-ஐக் குறைத்து 400 ஆக்கினேன்.

“கூட்டத்தான உன்னைக் கூப்பிட்டேன் தம்பி, குறைக்கறியே” என்றார் பெரியவர். 214-இலிருந்து பார்த்தால் கூட்டல்தான் என்றேன்.

தேக்கத்துக்கு: ஒரு ஆர்டர் பக்கம் திறந்தால் சேலை, இருப்பு, வாடிக்கையாளர், ஆர்டர் என நான்கு அட்டவணைகள் ஒன்றாகத் திறக்கும். 400 × 4 = 1600. இயல்பான 2000 போதும். கைப்பிடிக் கணக்கு: 10 + 400 + 4000 = 4410. அதன் குறைந்தபட்சக் கேள்வியான 5000 இதைவிடப் பெரியது. அதை இரட்டித்து 10000 எழுதினோம். மைஎஸ்கியூஎல் 8.0-க்கு மாறினால் இயல்பான தேக்கம் 4000. அப்போது கணக்கு 8410, அதற்கும் இது பொருந்தும்.

நினைவகமும் நிரல்கூட்டமும்

இணைப்பைக் கூட்டினால் நினைவகச் செலவும் கூடும். மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு இணைப்புக்கும் வரிசைப்படுத்த, சேர்த்துப் பார்க்க, படிக்க என்று சிறு சிறு தேக்கங்களை வைக்கும். 5.7-இன் இயல்பு எண்களைக் கூட்டினால் இணைப்புக்கு ஒரு எம்பிக்குச் சற்று மேல். 400 இணைப்புக்கு ஏறத்தாழ 450 எம்பி. இது பயமில்லை. தற்காலிக அட்டவணைதான் பயம். ஒன்றுக்கு 16 எம்பி வரை போகலாம். 400 பேரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொன்று உண்டாக்கினால் 6.4 ஜிபி.

தரவுத்தளத்துக்கென்றே உள்ள சர்வரில் நினைவகத்தின் 80 சதவீதம் வரை, தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இன்னோடிபி தேக்கத்துக்குக் கொடுக்கலாம் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. 16 ஜிபியில் அது 12.8. அதனுடன் 6.4-ஐக் கூட்டினால் 19 தாண்டுகிறது. கடையில் 8 ஜிபி கொடுத்தோம். மோசமான நாளிலும் 15 ஜிபிக்குள் நிற்கும்.

நினைவகம் தீர்ந்தால் கர்னல் யாரையாவது கொன்று இடம் பிடிக்கும். அதிகம் தின்றவர் யார் என்று பார்க்கும்போது பெரும்பாலும் தரவுத்தளம்தான் முன்னால் நிற்கும். சர்வீஸ் கோப்பில் ‘ஓஓஎம்ஸ்கோர்அட்ஜஸ்ட்’ என்பதற்கு எதிர்மறை எண் கொடுத்தால் அதன் முறை தள்ளிப்போகும். −1000 முதல் 1000 வரை இடம் உண்டு. ஓஓஎம் முழுதும், ஸ்கோர், அட்ஜஸ்ட் இரண்டின் முதல் எழுத்தும் பெரியவை. −600 போன்ற ஒன்று போதும். கணக்கைத் தவறாகப் போட்டுவிட்டு இதை மட்டும் எழுதினால், தரவுத்தளம் பிழைக்கும், நீங்கள் உள்ளே நுழையும் வழி செத்துப்போகலாம்.

இன்னொரு வரம்பு ‘என்ப்ராக்’. பெயர் நிரல்களின் எண்ணிக்கை என்று சொன்னாலும் லினக்ஸ் இழைகளையும் இதில் எண்ணும். மைஎஸ்கியூஎல் இணைப்புக்கு ஓர் இழை வைப்பதால் இது முக்கியம். சிஸ்டம்டி தன் பங்குக்கு ‘டாஸ்க்ஸ்மேக்ஸ்’ என்று தனி வரம்பு வைக்கும். பல பழைய கணினிகளில் இதன் இயல்பு 4915, அதாவது 32768-இல் 15 சதவீதம். 400 இணைப்புக்கு இது தாராளம். ஆயிரக்கணக்கில் போகும்போது பாருங்கள்.

மற்ற தரவுத்தளங்கள்

போஸ்ட்கிரெஸ் இணைப்புக்கு ஒரு நிரலையே உண்டாக்கும். ஒவ்வொன்றும் 1000 கோப்பு வரை திறக்கலாம் என்பது அதன் இயல்பு. ஆகவே தனித்தனியே பார்த்தால் 1024-க்குள் அடங்கிவிடும். இயல்பான 100 இணைப்பையும் கூட்டிப் பார்த்தால் ஒரு லட்சம். அது கணினி முழுவதற்குமான ‘ஃபைல்-மேக்ஸ்’ கணக்கில் விழும், அங்கே பாருங்கள். பிழைச்செய்தி எண் 24 என்றால் நிரலின் குடம் நிறைந்தது. 23 என்றால் கணினியின் கிணறே வற்றியது. நினைவக விஷயத்தில், கையில் இல்லாததைத் தருவதாக வாக்களிக்கும் கர்னலின் பழக்கத்தை ‘ஓவர்கமிட்’ அமைப்பை 2 ஆக்கி நிறுத்தும்படி போஸ்ட்கிரெஸ் கையேடு சொல்கிறது.

மாங்கோடிபி வெளிப்படையாகவே பேசும். கோப்பு வரம்பு 64000-க்குக் கீழே இருந்தால் தொடங்கும்போதே எச்சரிக்கும். அந்த எண்ணையே கொடுத்துவிடுங்கள்.

வேலை முடியுமுன்

கடைசியாக இவற்றைச் சரிபாருங்கள்.

• ஓடும் நிரலின் லிமிட்ஸ் கோப்பில் நீங்கள் எழுதிய எண் தெரிகிறதா?

• பிழை லாக்கில் வரம்பைச் சுருக்கியதாக வரி ஏதும் இல்லையே?

• தரவுத்தளத்துக்குள்ளேயே கேட்டால் இணைப்பு உச்சம் நீங்கள் கொடுத்ததுதானா?

• கணினியையே ஒருமுறை அணைத்துப் போட்ட பிறகும் இவை மூன்றும் நிற்கின்றனவா?

• ‘மைஎஸ்கியூஎல்ஸ்லாப்’ போன்ற சோதனைக் கருவியால், கடை மூடிய பின், உச்ச எண்ணிக்கை வரை ஏற்றிப் பார்த்தீர்களா? முகூர்த்த நாளில் பார்க்கவேண்டாம்.

அன்று இரவு பத்து மணிக்குக் கடையை மூடியபின் ரீஸ்டார்ட் செய்தோம். புதிய அடையாள எண், 10000, லாக்கில் சுருக்கிய வரி இல்லை. 320 வரை ஏற்றியும் நின்றது.

பெரியவர் கல்லாப்பெட்டியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். எந்த நெசவாளருக்கு எத்தனை கிராம் ஜரிகை போனது, சேலையாக எவ்வளவு திரும்பியது என்று எழுதும் நோட்டு. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, தேதி போட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார். கோப்பு 1024 இருந்தது, 10000 ஆயிற்று. இணைப்பு 500 எழுதியிருந்தது, 400 ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் ஒரு வரி. ஓடும் நிரலில் பார்த்ததற்கு ஒரு குறி. அவர் ஒருமுறை படித்துவிட்டு, கீழே தானே ஒரு வரி சேர்த்தார்: 1024 − 10 − 800 = 214.

உங்கள் சர்வருக்கும் அப்படி ஒரு பக்கம் வையுங்கள். அடுத்து வருபவர் அந்தக் கணக்கை மறுபடி முதலிலிருந்து போடவேண்டியதில்லை.